போர்ட், ஷெர்ரி, வெர்மூத்: திறக்கும் முன்னும் திறந்த பின்னும் கெடாமல் வைப்பது எப்படி?

சாதாரண ஒயினைத் திறந்தால் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். போர்ட், ஷெர்ரி போன்ற ஃபோர்ட்டிஃபைடு ஒயின் என்று வரும்போது மட்டும், “இதில்தான் ஸ்பிரிட் சேர்த்திருக்கிறார்களே, ஒன்றும் ஆகாது” என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு வாய் குடித்துவிட்டு, இந்த வகையே தமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டுகிறார்கள்.

விஸ்கியில் ஆல்கஹால் 40 சதவீதம். இவற்றில் பெரும்பாலும் 15 முதல் 22 வரைதான். ஒயினை வினிகராக்கும் பாக்டீரியாவை அடக்க அது போதும்; ஆக்ஸிஜனை அடக்கப் போதாது. திறந்த பாட்டிலின் ஆயுளை முடிவு செய்வது, அந்த ஒயின் பீப்பாயில் இருந்த காலத்தில் காற்றோடு பழகியதா, காற்றுப் படாமல் வளர்ந்ததா என்பதுதான். கீழே உள்ள படிகள் எல்லாமே இதிலிருந்து வருகின்றன.

திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

திருகு மூடியுள்ள 375 மி.லி. கண்ணாடி பாட்டில் ஒன்று, 200 மி.லி. அளவில் ஒன்றிரண்டு, சிறிய புனல், ஒட்டும் காகித டேப், பேனா. ஃபிரிட்ஜில் பாட்டில் நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள இடம். வண்டல் தங்கும் போர்ட் என்றால் டிகாண்டர் (ஒயினை வண்டல் இல்லாமல் ஊற்றிப் பரிமாறும் கண்ணாடிக் குடுவை) அல்லது அகன்ற ஜாடி, டார்ச், துவைத்துச் சோப்பு வாசனை போன மெல்லிய மஸ்லின் துணி.

சிறிய பாட்டில்களை வெந்நீரில் அலசி, கவிழ்த்து, முழுதாகக் காயவிடுங்கள். முந்தைய நாளே இதைச் செய்துவிடுவது நல்லது. ஒயினைத் திறந்த பிறகு பாட்டில் கழுவ ஆரம்பித்தால், ஈரமான பாட்டிலில்தான் ஊற்ற நேரும். அல்லது “நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுவீர்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

1. எந்த வகை என்று முதலில் அடையாளம் காணுங்கள்

“போர்ட் எத்தனை நாள் தாங்கும்?” என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒரு போர்ட் இரண்டு நாளில் சோர்ந்துவிடும், இன்னொன்று மூன்று மாதம் தாங்கும். எனவே பெயரை முழுதாகப் படியுங்கள்.

காற்றுப் படாமல் வளர்ந்தவை: ஷெர்ரியில் ஃபீனோ, மான்சனீயா, போர்ட்டில் விண்டேஜ் (ஒரே ஆண்டு அறுவடையில் செய்தது), எல்பிவி (லேட் பாட்டில்டு விண்டேஜ், அதாவது தாமதமாகப் பாட்டிலில் அடைத்தது), கிரஸ்டட் (வடிகட்டாமல் அடைத்து, வண்டல் படிவது), ரூபி, ரோசே. ஃபீனோ பீப்பாயில் இருக்கும்போது அதன் மேல் ஃப்ளோர் என்ற ஈஸ்ட் படலம் மூடியிருக்கும். உள்ளே வரும் ஆக்ஸிஜனை அந்தப் படலமே உண்டுவிடும். பாட்டிலில் அடைத்த பின் அந்தக் காவல் இல்லை. விண்டேஜ் போர்ட் பீப்பாயில் இரண்டு மூன்று ஆண்டுகளே இருந்துவிட்டு, மீதி வாழ்க்கையைக் கார்க் அடைத்த பாட்டிலில் கழிக்கிறது.

காற்றோடு பழகியவை: போர்ட்டில் 10, 20, 30, 40 ஆண்டு டானி, கொல்யெய்ட்டா (ஒரே ஆண்டு அறுவடையில் செய்த டானி), ஷெர்ரியில் ஒலொரோசோ, பாலோ கொர்ட்டாடோ, பெட்ரோ ஹிமெனெஸ், இவற்றோடு இத்தாலியின் மர்சாலா. அமொன்டியாடோ ஷெர்ரி இரண்டுக்கும் நடுவில் வரும்: முதலில் ஃப்ளோருக்கு அடியில், பிறகு காற்றில்.

போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து வரும் மடெய்ரா தனி. காற்றோடு சூட்டையும் பார்த்தது அது. ஒரு முறையில் 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் குறைந்தது மூன்று மாதம் தொட்டியில் வைக்கிறார்கள். மற்றதில் வெப்பமான மாடி அறைகளில் ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் கிடக்கும். அதற்கு மேல் உங்கள் சமையலறை அலமாரி அதை என்ன செய்துவிடும்?

வெர்மூத்தைப் பலர் மதுபான வரிசையில் ஜின்னுக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கிறார்கள். அதில் முக்கால் பங்காவது ஒயின்தான். மூலிகை வாசனையே அதன் உயிர்; அதுதான் முதலில் போகும்.

லேபிள் புரியவில்லையா? கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வைக்கோல் நிறமோ, கருஞ்சிவப்போ இருந்தால் காற்றுக்கு அஞ்சும் வகை என்று கொள்ளுங்கள். பழுப்பு, தேன், மரநிறம் என்றால் காற்றோடு பழகியது. ஆனால் இந்தச் சோதனை புதிதாகத் திறந்த பாட்டிலுக்கு மட்டுமே பொருந்தும். திறந்து நாளான ஃபீனோவும் தேன் நிறத்துக்கு வந்துவிடும்.

2. பாட்டிலில் அடைத்த தேதியைத் தேடுங்கள்

காலாவதித் தேதி பெரும்பாலும் இருக்காது. ஆல்கஹால் 10 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பானங்களுக்கு அதை அச்சிட வேண்டியதில்லை என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. தேதி இல்லாததால் கெடாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வயது குறித்த டானியில் பாட்டிலில் அடைத்த ஆண்டு லேபிளில் இருக்கும், பெரும்பாலும் பின்பக்கம். கொல்யெய்ட்டாவில் இரண்டு ஆண்டுகள்: அறுவடை ஒன்று, அடைத்தது ஒன்று. இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். அறுவடை ஆண்டை மட்டும் பார்த்து, விண்டேஜ் என்று நினைத்து இருபது ஆண்டு பூட்டி வைப்பார்கள். கொல்யெய்ட்டா பீப்பாயிலேயே முதிர்ந்து வந்தது; குடிப்பதற்குத் தயாராகத்தான் அடைத்திருக்கிறார்கள்.

அதே கணக்குதான் 20 ஆண்டு டானிக்கும். வீட்டில் பத்து ஆண்டு வைத்தால் அது 30 ஆண்டு டானி ஆகாது. பத்து ஆண்டு பழைய பாட்டிலில் இருக்கும் 20 ஆண்டு டானியாகவே இருக்கும், சற்றுச் சோர்ந்து.

ஷெர்ரியில் தேதி தெளிவாக இல்லாவிட்டால், எல் என்ற ரோமன் எழுத்தில் தொடங்கும் தொகுதி எண்ணைக் கண்ணாடியிலோ பின்லேபிளிலோ தேடுங்கள். அதில் ஆண்டும் நாளும் மறைந்திருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறும் என்பதால் விற்பவரிடம் கேட்பதே எளிது. ஃபீனோவுக்கு மட்டும் இந்தச் சிரமத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே இரண்டு ஆண்டு நின்ற ஃபீனோவை வீட்டில் எப்படிப் பாதுகாத்தும் பயனில்லை.

3. கார்க்கைப் பார்த்து, நிறுத்துவதா படுக்க வைப்பதா என்று முடிவெடுங்கள்

கையால் இழுத்தாலே வரும், பிளாஸ்டிக் அல்லது மரத் தலை வைத்த குட்டைக் கார்க் என்றால் நிமிர்த்தி வையுங்கள். திருகு மூடியும் அப்படியே. குட்டைக் கார்க் பல ஆண்டு ஒயினில் நனைந்து கிடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. படுக்க வைத்தால் கசியும், ஒயினில் கார்க் வாசனை ஏறும்.

கார்க்ஸ்க்ரூ கேட்கும் நீளமான கார்க் என்றால் படுக்க வையுங்கள். விண்டேஜ், கிரஸ்டட், வடிகட்டாத எல்பிவி ஆகியவை இதில் அடங்கும். கார்க் ஈரமாக இருந்தால்தான் உப்பி அடைத்துக்கொள்ளும். சில பழைய விண்டேஜ் பாட்டில்களில் ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு இருக்கும். அது எப்போதும் மேலே இருக்க வேண்டும். வண்டல் எதிர்ப்பக்கத்தில் படிந்திருக்கிறது என்பதற்கான குறி அது.

மடெய்ராவுக்கு விலக்கு உண்டு: நீளக் கார்க் இருந்தாலும் நிமிர்த்தியே வையுங்கள். அதன் புளிப்பும் ஆல்கஹாலும் கார்க்கை அரிக்கும். கார்க் காய்ந்து கொஞ்சம் காற்று நுழைந்தாலும் மடெய்ரா அதைப் பொருட்படுத்தாது.

4. திறக்காத பாட்டிலுக்கு இடம் பாருங்கள்

12 முதல் 16 டிகிரி செல்சியஸ், இருட்டு, அதிர்வில்லாத இடம். விண்டேஜ் போல நீண்ட காலம் வைப்பதற்குக் காற்றில் 60 முதல் 70 சதவீத ஈரப்பதமும் வேண்டும், இல்லாவிட்டால் கார்க்கின் வெளிமுனை காய்ந்து சுருங்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஒயினுக்குள் நடக்கும் வேதிமாற்றம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பம் இன்னும் மோசம்: ஒயின் விரிந்து சுருங்கும்போது கார்க்கின் ஓரமாகக் காற்றை உள்ளே இழுக்கும்.

ஃபிரிட்ஜின் தலைமேல், அடுப்புக்கு மேலுள்ள அலமாரி, விளக்கு எரியும் கண்ணாடி அலமாரி: மூன்றும் கூடாது. மூன்றாவது பார்க்க அழகு, அவ்வளவுதான். நிறமில்லாத கண்ணாடியில் வரும் ஃபீனோவும் வெளிர்நிற வெர்மூத்தும் வெளிச்சத்தில் வெந்த முட்டைக்கோஸ் வாடைக்குப் போய்விடும். அட்டைப் பெட்டியிலோ துணியிலோ சுற்றி வைத்தாலே போதும்.

குளிர்ந்த இடமே இல்லையென்றால், ஃபீனோவையும் வெர்மூத்தையும் திறக்கும் முன்பே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். விண்டேஜை ஃபிரிட்ஜில் ஆண்டுக்கணக்கில் வைப்பது சரிவராது. உள்ளே காற்று வறண்டது, மோட்டார் அதிர்வும் ஓயாது. சில மாதம் என்றால் பாதகமில்லை.

5. திறக்காமல் எத்தனை காலம்?

பாட்டிலில் அடைத்த பின்னும் மேம்படுபவை விண்டேஜ், கிரஸ்டட், வடிகட்டாத எல்பிவி போன்ற மிகச் சிலவே. மற்றவற்றை முதலீடு போல அடுக்கி வைப்பதில் பொருளில்லை.

ஃபீனோவும் மான்சனீயாவும் அடைத்த ஓராண்டுக்குள். வெர்மூத் ஓரிரண்டு ஆண்டு. ரூபி, டானி, ஒலொரோசோ, மர்சாலா ஆகியவை இரண்டு மூன்று ஆண்டு பெரிய மாற்றமின்றி இருக்கும். பெட்ரோ ஹிமெனெஸ் அதைவிட அதிகம் தாங்கும். அதன் சர்க்கரை அத்தனை அடர்த்தி. வடிகட்டிய எல்பிவி நான்கைந்து ஆண்டு, வடிகட்டாதது பத்து ஆண்டையும் தாண்டலாம். நல்ல விண்டேஜ் 15, 20 ஆண்டில்தான் கனிய ஆரம்பிக்கும். 50 ஆண்டு தாண்டியும் நிற்பவை உண்டு. மடெய்ராவுக்குப் பல பத்தாண்டுகள் ஒரு பொருட்டில்லை.

6. வண்டல் உள்ள போர்ட்டைத் திறக்கும் முறை

அவசரப்பட்டால் கெடும் இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

படுத்திருந்த பாட்டிலை, திறப்பதற்கு 24 மணி நேரம் முன்பே நிமிர்த்தி வையுங்கள். மிகப் பழையது என்றால் 48 மணி நேரம். வண்டல் பக்கவாட்டிலிருந்து நழுவி அடியில் சேர இந்த நேரம் தேவை. விருந்தினர் வந்த பிறகு நிமிர்த்தினால் கோப்பையில் சேறுதான் விழும்.

கழுத்திலுள்ள மெழுகையோ தகட்டையோ முழுதாக அகற்றி, ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள். பழைய கார்க் நடுவில் நொறுங்கும் என்பதால் சாதாரண கார்க்ஸ்க்ரூவை விட, இரண்டு தகடுகளைப் பக்கவாட்டில் செருகி முறுக்கி இழுக்கும் கருவி நல்லது. கார்க் உடைந்து உள்ளே விழுந்தால் பதற வேண்டாம், துணி இருக்கிறது.

டிகாண்டரின் வாயில் புனலும் மஸ்லினும் வையுங்கள். மேசையில் டார்ச்சை மேல்நோக்கி வைத்து, பாட்டிலின் கழுத்து அதற்கு நேர் மேலே வருமாறு பிடியுங்கள். ஒரே சாய்வில், நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நிறுத்தி நிமிர்த்தினால் ஒயின் பின்னோக்கி அடித்து வண்டலைக் கலக்கிவிடும். முதலில் தெளிந்த சிவப்பு ஓடும். முடிவில், கழுத்தின் அடிப்பக்கத்தில் புகை போல ஒரு மெல்லிய கோடு ஊர்ந்து வரும். அந்தக் கோடு பாட்டிலின் தோளைத் தாண்டும்போதே கையை நிமிர்த்திவிடுங்கள். 50 மி.லி. போல வீணாகும், போகட்டும்.

காபி வடிகட்டும் காகிதத்தைப் பயன்படுத்தாதீர்கள். ஊற்றும் நேரம் பல மடங்காகும், அதுவரை ஒயின் காற்றிலேயே நிற்கும். காகித வாசனையும் ஏறலாம்.

டிகாண்டர் பரிமாறுவதற்கு மட்டுமே, சேமிப்பதற்கு அல்ல. அதன் கண்ணாடி மூடி காற்றைத் தடுக்காது. பழைய ஈயக் கிரிஸ்டல் டிகாண்டர் என்றால் இன்னொரு சிக்கல்: ஒயின் நாள்கணக்கில் உள்ளே இருந்தால் ஈயம் அதில் கரையும். அன்றிரவே காலி செய்துவிடுங்கள்.

7. திறந்த உடனே பாதியைச் சிறிய பாட்டிலுக்கு மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

750 மி.லி. பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு மூடினால், உள்ளே 375 மி.லி. காற்று. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். எடையில் ஏறத்தாழ 100 மில்லிகிராம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது புதுப்பிக்கப்படும். அதே ஒயினை 375 மி.லி. பாட்டிலில் வாய் வரை நிரப்பி, 10 மி.லி. இடைவெளி மட்டும் விட்டால், உள்ளே சிக்கும் ஆக்ஸிஜன் 3 மில்லிகிராமைத் தாண்டாது.

எனவே முதல் கோப்பையை ஊற்றும் முன்பே சிறிய பாட்டிலை நிரப்பி மூடுங்கள். மூன்று நாள் குடித்துவிட்டு மிச்சத்தை மாற்றுவதில் பயன் குறைவு. அதற்குள் ஆக்ஸிஜன் ஒயினில் கரைந்துவிட்டது, கரைந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. புனலின் முனை பாட்டிலின் உட்சுவரைத் தொடுமாறு வைத்து மெதுவாக ஊற்றினால் குமிழி அதிகம் அடிக்காது.

காற்றை உறிஞ்சும் கைப்பம்பு எல்லோரும் வாங்குவது. அது காற்றில் ஒரு பகுதியைத்தான் எடுக்கும், கூடவே வாசனையையும் கொஞ்சம் இழுத்துப் போகும், ரப்பர் மூடி சில நாளில் தளர்ந்தும் விடும். வெர்மூத்துக்கு அது உதவும் என்று நம்பாதீர்கள். ஆர்கான் வாயுத் தெளிப்பு உண்மையில் பயன் தரும்: ஒயின் மட்டத்துக்கு மேல் ஓரிரண்டு வினாடி விட்டு, உடனே மூட வேண்டும். பாட்டிலை அசைத்தால் அந்தப் படலம் கலைந்துவிடும். கார்க்கில் ஊசி செருகி ஒயின் எடுக்கும் கருவி இருந்தால், நீளமான, நல்ல நிலையிலுள்ள கார்க்கில் மட்டும் பயன்படுத்துங்கள். முப்பது ஆண்டுக் கார்க்கில் ஊசி செருகினால் துளை மூடிக்கொள்ளாது.

8. ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்து, தேதி எழுதுங்கள்

மடெய்ரா தவிர எல்லாம் ஃபிரிட்ஜுக்குத்தான், சிவப்புப் போர்ட்டும் கூட. குளிரில் ஆக்ஸிஜனேற்றம் மெதுவாகும். குடிக்கும் முன் அரை மணி நேரம் வெளியே எடுத்து வைத்தால் போதும். “சிவப்பு ஒயினை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது” என்பது பரிமாறும் வெப்பத்தைப் பற்றிய பேச்சு, சேமிப்புக்குப் பொருந்தாது.

கதவுத் தட்டில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடும் குலுக்கலும். நடுத்தட்டின் பின்பக்கம் நல்லது. பாதி காலியான பாட்டிலைப் படுக்க வைத்தால் ஒயின் காற்றைத் தொடும் பரப்பு மூன்று மடங்குக்கு மேல் ஆகும், ஆகவே நிமிர்த்தியே வையுங்கள்.

உறைவிப்பான் தட்டு கூடாது. 16 முதல் 20 சதவீத ஆல்கஹால் மைனஸ் 18 டிகிரியில் குழைவாக உறைந்து, விரிந்து, கார்க்கைத் தள்ளிவிடும்.

டேப்பில் மூன்று விஷயம் எழுதுங்கள்: திறந்த தேதி, வகை, அன்று மூக்கில் பட்ட வாசனை. “பச்சை பாதாம், உப்பு” அல்லது “ப்ளம் பழம், மிளகு” என்று இரண்டு சொல் போதும். இரண்டு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க நினைவை நம்பாதீர்கள்.

9. திறந்த பின் எத்தனை நாள்?

ஃபிரிட்ஜில், அதே பெரிய பாட்டிலில், நன்றாக மூடி வைத்த கணக்கு இது:

- விண்டேஜ் போர்ட்: ஓரிரண்டு நாள்
- எல்பிவி, கிரஸ்டட்: நான்கைந்து நாள்
- ரூபி, ரோசே, பழச்சுவை வெள்ளைப் போர்ட்: 8 முதல் 10 நாள்
- வயது குறிக்காத டானி: 3 முதல் 4 வாரம்
- வயது குறித்த டானி: 1 முதல் 4 மாதம்
- ஃபீனோ, மான்சனீயா: ஒரு வாரம், முதல் மூன்று நாள்தான் உச்சம்
- அமொன்டியாடோ: 2 முதல் 3 வாரம்
- ஒலொரோசோ, கிரீம் ஷெர்ரி: 4 முதல் 6 வாரம்
- பெட்ரோ ஹிமெனெஸ், மர்சாலா: 1 முதல் 2 மாதம்
- உலர் வெர்மூத்: ஒரு மாதம், இனிப்பு வெர்மூத்: இரண்டு மாதம்
- மடெய்ரா: வெளியில் வைத்தாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு, அதற்கு மேலும்

வாய் வரை நிரப்பிய சிறிய பாட்டிலில் இந்தக் காலம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதைத் திறந்தால் மீண்டும் மேலுள்ள கணக்குதான்.

டானியில் ஒரு முரண் உண்டு: வயது ஏற ஏறத் தாக்குப்பிடிக்கும் என்று தோன்றும், ஆனால் 10 ஆண்டு டானிதான் 40 ஆண்டு டானியை விட அதிக நாள் தாங்கும். மிக முதிர்ந்ததன் நுண்ணிய வாசனை சீக்கிரம் கலையும். மடெய்ராவிலோ நேர்மாறு. பல பத்தாண்டு பாட்டிலில் அடைபட்டிருந்த மடெய்ராவைத் திறந்ததும் மூச்சுமுட்டிய வாடை வரும். ஒரு நாளாவது முன்கூட்டித் திறந்து வையுங்கள். பத்தாண்டுக்கு ஒரு நாள் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு.

10. போய்விட்டதா என்று பார்ப்பது எப்படி?

வினிகர் வாடைக்காகக் காத்திருப்பதே பொதுவான தவறு. இந்த ஆல்கஹால் அளவில் வினிகர் பாக்டீரியா வளர்வது அரிது, எனவே அந்த எச்சரிக்கை பெரும்பாலும் வராது. ஒயின் சத்தமில்லாமல் தட்டையாகிவிடும்.

30 மி.லி. ஊற்றி, பத்து நிமிடம் வெளியே வைத்த பிறகு முகருங்கள். குளிர் வாசனையை மறைக்கும். ஃபீனோவில் உப்பும் ரொட்டி மாவு வாசனையும் போய், நறுக்கி வைத்த ஆப்பிள் வாடை வந்தால் அதன் காலம் முடிந்தது. ரூபியில் பழம் மறைந்து இனிப்பு மட்டும் தனியாக நிற்கும், விளிம்பு செங்கல் நிறமாகும். வெர்மூத்தில் கசப்பு இருக்கும், அதைத் தாங்கிய மூலிகை வாசனை இருக்காது.

நனைந்த அட்டை வாசனை திறந்த அன்றே இருந்தால் அது கார்க்கின் குற்றம், உங்கள் சேமிப்பின் குற்றமல்ல. கடையில் திருப்பிக் கொடுங்கள். அடியில் சர்க்கரை போன்ற படிகங்கள் டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு, கெடுதலில்லை. தெளிவாக இருந்தது கலங்கி, கெட்ட வாடையும் சேர்ந்தால் கொட்டிவிடுங்கள்.

11. நாள் கடந்ததை என்ன செய்யலாம்?

தட்டையான ஒயின் உடம்புக்குக் கெடுதல் அல்ல, கோப்பைக்குத்தான் லாயக்கில்லை. ஃபீனோ சூப்புக்கும் குழம்புக்கும் போகலாம். ரூபி 250 மி.லி.யைச் சிறு தீயில் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சினால் பாகு போல வரும். மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் இருக்கும். தீயைக் கூட்டினால் சர்க்கரை கருகிக் கசக்கும்.

வினிகராக்க விரும்பினால் நேரடியாக ஊற்றாதீர்கள். 20 சதவீத ஆல்கஹாலில் வினிகர்த் தாய் (வினிகரை உண்டாக்கும் பாக்டீரியாப் படலம்) வேலை செய்யாது. 100 மி.லி. ஒயினுக்கு 150 மி.லி. நீர் சேர்த்தால் 8 சதவீதத்துக்கு இறங்கும். அதில் வடிகட்டாத, உயிருள்ள வினிகரை நான்கில் ஒரு பங்கு கலந்து, வாயைத் துணியால் கட்டி, வெதுவெதுப்பான இருட்டு இடத்தில் வையுங்கள். வெர்மூத்தை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம்; மூலிகைக் கசப்பு வினிகரில் இன்னும் முன்னால் வந்து நிற்கும்.